ஆரஞ்சு முழங்கை

நேற்று ராத்திரி பாப்பா சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"நாளையிலேர்ந்து நான் படம் எடுக்க மாட்டேன் அண்ணி. வேணும்னா நீங்களே எடுத்துக்குங்க."

அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று அண்ணி கேட்பதற்குள் அறைக்கதவு சாத்திக்கொண்டது.

பாப்பா என்றதும் பள்ளிக்கூடப் பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். வயது முப்பத்தெட்டு. படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் பதினாறு வருஷ சர்வீஸ். வீட்டில் கடைசியாகப் பிறந்த குற்றத்துக்காக இன்னமும் பாப்பா. ஒரு நாளைக்கு ஐந்நூறு பேரிடம் "எங்கே போகணும், எத்தனை பேர்" என்று கேட்கிறவள், தனக்கு என்ன வேண்டும் என்று இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. தட்டில் சோறு குறைவாக இருந்தாலும் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிற ரகம்.

அண்ணி நேர் எதிர். கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். லென்ஸைச் சட்டத்துக்குத் தக்கபடி தன் கையாலேயே வெட்டுவாள். இருபது வருஷத்தில் ஒரு லென்ஸ்கூடத் தப்பாக வெட்டியதில்லை என்பது ஊர் அறிந்த விஷயம். ஊர் அறிந்ததற்குக் காரணம், அதை அண்ணியே எல்லோரிடமும் சொல்வதுதான்.

இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடத்துகிற பக்கம்தான் 'இன்றைக்கு நம்ம ஊர்'. தினமும் காலை எட்டு மணிக்கு ஒரே ஒரு படம். அன்றைக்குக் காலையில் எடுத்ததாக இருக்க வேண்டும். பழசைத் தூக்கிப் போடக் கூடாது. பாப்பா எடுத்து அனுப்புவாள். அண்ணி ஓரங்களை வெட்டி ஒழுங்குபடுத்தி, கீழே ஒரு வரி எழுதிப் போடுவாள். இதே மாதிரி கடலோரமாகப் பன்னிரண்டு ஊர்களில் பன்னிரண்டு பக்கங்கள். ஒருத்தர் ஊரை இன்னொருத்தர் பார்த்து, நலம் விசாரித்து, உங்கள் ஊரில் மூடுபனியா, எங்கள் ஊரில் நல்ல வெயில் என்று பீற்றிக்கொள்கிற ஒரு கூட்டம் உருவாகிவிட்டது.

ஆரம்பத்தில் பாப்பா ஊர் முழுக்கச் சுற்றினாள். மீன் எடைபோடும் தராசு, உப்புக் காற்றில் துருப்பிடித்த தபால் பெட்டி, முடிவெட்டுகிற கடையின் கண்ணாடியில் தெரியும் கடல். ஐந்து மாதமாகப் படகுத்துறையை விட்டு நகரவில்லை. கயிறு, கடல்காகம், சூரியன், மறுபடியும் கயிறு.

"ஊர்ல வேற இடமே இல்லையா பாப்பா?" என்று அண்ணி அலுத்துக்கொண்டபோதெல்லாம், "அங்கதான் அண்ணி வெளிச்சம் நல்லா இருக்கு" என்று ஒரே பதில்.

அந்த வெளிச்சம் எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட, இன்றைக்குக் காலை ஆறே முக்காலுக்கு அண்ணியே படகுத்துறைக்கு வந்து நின்றாள்.

வெளிச்சம் ஒன்றும் பிரமாதமாக இல்லை. துறையின் இடது ஓரத்தில், தண்ணீருக்குள் நட்டிருந்த அளவுக் கம்பத்தைக் குனிந்து பார்த்து, ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். துறைமுக வாயில் மண் மேடிட்டுவிட்டதென்று ஐந்து மாதத்துக்கு முன்னால் தூர் வாரும் கப்பல் ஒன்று வந்ததே, அதில் ஆழம் அளக்கிறவர். துறையில் அவருக்கு அளவுக்காரர் என்றே பெயர். நாற்பது வயதிருக்கும். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத்தில் முழங்கால் வரைக்கும் ஒரு மழைக்கோட்டு.

அண்ணிக்கு அந்தக் கோட்டை நன்றாகத் தெரியும். தினமும் படத்தின் இடது ஓரத்தில் வந்து உறுத்தும். தினமும் வெட்டித் தள்ளுவாள்.

அவள் போனைத் தூக்கியதும் அவர் நிமிர்ந்தார். "அவங்க நிக்கிற அதே பலகைலதான் நிக்கிறீங்க. கவுண்டர்ல இருக்கிறவங்களோட அண்ணியா?"

"ஆமா. பாப்பாவைத் தெரியுமா?"

"தினமும் பேசுவோம்." அவர் கொஞ்சம் யோசித்தார். "பேசுவோம்னு சொல்ல முடியாது. தண்ணி மட்டம் எவ்வளவுன்னு கேப்பாங்க. நாலே கால் அடின்னு சொல்லுவேன். நன்றின்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

பாப்பா தினமும் படத்தோடு அனுப்புகிற தண்ணீர் மட்டக் கணக்கு எங்கிருந்து வந்ததென்று அண்ணிக்கு இப்போதுதான் தெரிந்தது. அவள் மறுபடியும் போனைத் தூக்கினாள். அவர் சட்டென்று நாலடி தள்ளி நின்றார்.

"பரவாயில்ல, நில்லுங்க," என்றாள் அண்ணி.

"வேண்டாம்மா. அப்புறம் வெட்டணும். உங்க வீட்டுப் பொண்ணுக்கு தினமும் அந்த வேலைதான். இன்னையோட அவங்களுக்கும் மிச்சம்."

கோபமில்லாமல், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அண்ணிக்குத்தான் சட்டென்று விளங்கவில்லை.

"என்ன சொல்றீங்க?"

"தப்பா எடுத்துக்காதீங்க. எடுக்கும்போது நான் படத்துல இருக்கேன். அது நல்லாவே தெரியுது. எட்டு மணிக்குப் பக்கத்தைத் திறந்தா நான் இல்ல. ஒரு மாசம் பார்த்தேன், ரெண்டு மாசம் பார்த்தேன். தலையெல்லாம் சீவிட்டு வந்து நின்னும் பார்த்தேன்." அவர் நோட்டை மூடினார். "எனக்கு உன்னைப் பிடிக்கலைன்னு ஒருத்தர் இதுக்கு மேல எப்படிச் சொல்லுவாங்க, சொல்லுங்க."

அண்ணி தூக்கிய போனைக் கீழே இறக்கினாள்.

"துறைமுக ஆபீஸ்ல என்னை இங்கேயே நிரந்தரமா இருக்கச் சொன்னாங்க. யோசிச்சு சொல்றேன்னு மூணு வாரம் இழுத்தேன். இன்னைக்குக் காலைல வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு, சாயங்காலம் நாலு மணிப் படகுல கிளம்புறேன். நேத்து அவங்ககிட்டயும் சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"சரின்னு சொன்னாங்க."

பாப்பாவைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் 'சரி'யின் அர்த்தம் தெரியும். அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

"வெட்டினது நான்தான்." அண்ணி சொல்ல வேண்டியிருந்தது இரண்டே வார்த்தை. வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் தப்பு என்று ஒன்றை ஒப்புக்கொண்டு பழக்கமே இல்லாத வாய் அது. எப்படி ஆரம்பிப்பது என்று அவள் மென்று விழுங்கிக்கொண்டிருக்கும்போதே, கீழே படகிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் கைகூப்பிவிட்டு ஏணியில் இறங்கிப் போய்விட்டார். படகு துறைமுக வாயைப் பார்த்துப் போனது.

அண்ணி அந்தப் பலகையிலேயே நின்றாள். தன்னை நினைத்து அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனைத் திறந்தாள். பாப்பா அனுப்பிய படங்கள், வெட்டாமல், முழுசாக, அப்படியே இருந்தன. ஐந்து மாதத்துக்கு முன்னால் போய் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தாள்.

முதல் படத்தில் கடல்காகம்தான் பெரிது. அவர் ஓரத்தில் தீக்குச்சி அளவு. பத்தாவது படத்தில் கை அளவுக்கு வந்துவிட்டார். முப்பதாவதில் தலை படிய வாரியிருக்கிறது. ஐம்பதாவதில் கேமராவைப் பார்க்காதது மாதிரி பார்க்கிறார். அதற்கப்புறம் பார்க்காதது மாதிரி நடிப்பதையே விட்டுவிட்டார். மழை நாளில் நோட்டு நனையாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறார். மூடுபனி நாளில் அளவுக் கம்பமே தெரியவில்லை, இவர் மட்டும் தெரிகிறார். ஒரு படத்தில் தும்முகிறார். தொண்ணூற்றாறாவது படத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறார். எடுத்தவளும் சிரித்திருக்க வேண்டும், படம் ஆடியிருக்கிறது. அந்தப் படத்தை எப்படி வெட்டினோம் என்று அண்ணிக்கு நன்றாக நினைவிருந்தது. ஆடிப்போன படத்தை எதற்கு அனுப்பினாய் என்று அன்றைக்குப் பாப்பாவைத் திட்டினாள்.

மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று படங்கள். நூற்று நாற்பத்து மூன்று காலைகளாகப் பாப்பா தனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அத்தனையையும் அண்ணி ஓரமாக வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறாள். அவரை விடுங்கள் அண்ணி என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடுமே என்று அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு, மறுநாளும் அவரை வைத்தே எடுத்திருக்கிறாள்.

அண்ணி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே தும்முகிற படத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

இந்தக் கோலத்தில்தான் அண்ணன் அவளைப் பார்த்தான். அவன் ஐஸ் பேக்டரியில் மெஷின் ஓட்டுகிறவன். விடியற்காலை ஷிப்ட் முடித்து, எட்டரைக்கு டீ குடிக்க வருவான். வந்ததும் சூடான தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விரல்களுக்கு உயிர் வரும் வரைக்கும் பேச மாட்டான். வந்த பிறகும் பெரிதாகப் பேச மாட்டான்.

"இன்னைக்கு ஏன் படம் வரல?" என்றான். "எட்டு மாசத்துல முதல் தடவை. பன்னண்டு ஊர்க்காரங்களும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. நான்தான் கொஞ்சம் பொறுங்கன்னு போட்டு வெச்சிருக்கேன்."

"நீங்களா? பதில் போடுறது நீங்களா?"

"பின்ன யாரு? கமென்ட் படிச்சா உனக்கு ரத்தக் கொதிப்பு வருதுன்னு சொன்ன. பாப்பா கவுண்டர்ல போனைத் தொடக் கூடாது. யாராவது படிக்கணும் இல்ல?"

அண்ணி விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் அசையாமல் கேட்டான். கடைசியில், "ஓ, அந்த முழங்கையா," என்றான்.

"என்ன முழங்கை?"

"நீ வெட்டுறப்ப சில நாள் ஒழுங்கா வெட்ட மாட்ட. ஒரு முழங்கை மிஞ்சும். இல்லாட்டி பூட்ஸ் நுனி. எல்லாரும் அதைத்தான் பார்ப்பாங்க. ஆரஞ்சு முழங்கைன்னு பேர் வெச்சிருக்காங்க. இன்னைக்கு முழங்கையா பூட்ஸான்னு ஏழரை மணிக்கே பந்தயம் ஆரம்பிச்சிடும். வடக்கே பாலத்துல வேலை செய்யிற ஒரு அம்மா இருக்காங்க, அவங்க ஒரு நாள்கூடத் தோத்ததில்ல."

"இதையெல்லாம் ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே."

அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் ஐஸ் பேக்டரி தேவலை என்று தோன்றியிருக்கும். அவன் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பரிகாரம் சொல்ல முன்வந்தான்.

"ஒண்ணும் ஆகல. நூத்தி நாப்பத்தி மூணையும் எடுத்துப் பக்கத்துல போட்டுடு. அவரும் பார்ப்பாரு, பன்னண்டு ஊரும் பார்க்கும். பிரச்சனை தீர்ந்தது."

அண்ணிக்கு ஆசையாகத்தான் இருந்தது. கைகூடப் போனைத் தேடிப் போனது. போன கையை அவளே இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க. அவளைக் கேக்காம வெட்டினேன். அவளைக் கேக்காம ஒட்டவும் மாட்டேன்."

பாப்பாவின் போன் வழக்கம்போல அடித்து ஓய்ந்தது. நேரில் போகலாமென்றால், ஒரு பஸ் டிரைவர் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒன்பது மணிக்கே கடை வாசலில் காத்திருந்தார். மத்தியானம் அவர் வண்டி எடுக்க வேண்டும். கண்ணாடி இல்லாமல் அவரை பஸ்ஸில் ஏற்றினால் ஊருக்குத்தான் ஆபத்து. அண்ணி லென்ஸை மெஷினில் வைத்தாள். கண் லென்ஸில், மனசு படகுத்துறையில். வலது கண்ணுக்கு வெட்ட வேண்டியதை இடது கண்ணுக்கு வெட்டிவிட்டாள்.

டிரைவர் போட்டுப் பார்த்துவிட்டு, "ரோடு ரெண்டா தெரியுதும்மா," என்றார்.

"தப்பா வெட்டிட்டேன்," என்றாள் அண்ணி. சொல்லிவிட்டுத் தானே திகைத்துப் போனாள். ஒன்றும் ஆகவில்லை. கடை இடிந்து விழவில்லை. டிரைவரும், "பரவாயில்லம்மா, மெதுவா பண்ணுங்க," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இவ்வளவுதானா, இதற்கா இருபது வருஷம் பயந்தோம் என்று அவளுக்கு இருந்தது.

புது லென்ஸ் வரவழைத்து, வெட்டி, மாட்டி, டிரைவரை அனுப்பிக் கடையைப் பூட்டும்போது மணி மூன்று இருபது.

படகுத்துறையில் நல்ல கூட்டம். டிக்கெட் வாங்காதவர்கள் கவுண்டர் பக்கம் நிற்கக் கூடாதென்று போர்டே வைத்திருந்தார்கள். அண்ணி வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் துறைமுக அதிகாரி கறுப்புப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். டிக்கெட் வாங்கிக்கொண்டு அவர் படகை நோக்கி நடந்ததும் அண்ணி ஜன்னலுக்குக் குனிந்தாள்.

பாப்பாவின் கண் இரண்டும் வீங்கியிருந்தது. தலை நிமிராமலே, "எங்கே போகணும்?" என்றாள்.

"எங்கேயும் போகல. ஒரு டிக்கெட் குடு."

பாப்பா நிமிர்ந்தாள். "போகாததுக்கு டிக்கெட் எதுக்கு அண்ணி?"

"உன்கிட்ட பேசறதுக்கு. பாப்பா, நான் பெரிய தப்பு பண்ணிட்டேன். அந்தப் படத்தையெல்லாம் நான் வெட்டியிருக்கக் கூடாது."

பாப்பா டிக்கெட் புத்தகத்தின் விளிம்பை நீவிவிட்டாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்துவார்கள் என்று பார்த்தால், அவர்கள் இன்னும் நெருங்கி வந்து நின்றார்கள்.

"படம் நல்லா வரணும்னுதானே அண்ணி வெட்டினீங்க," என்றாள் பாப்பா. வழக்கமான பாப்பா. அண்ணி பெருமூச்சு விடுவதற்குள் அந்தக் குரல் மாறியது. "நூத்தி நாப்பத்தி மூணு தடவை, அண்ணி."

எண்ணி வைத்திருக்கிறாள்.

"நல்லா திட்டு," என்றாள் அண்ணி.

"அந்தச் சிரிக்கிற படம். அது ஒண்ணையாவது விட்டிருக்கலாம். அன்னைக்கு முழுக்க நான் கவுண்டர்ல உக்காந்து, சாயங்காலம் போய்ப் பார்க்கலாம்னு... போய்ப் பார்த்தா வெறும் கயிறு." பாப்பா டிக்கெட் புத்தகத்தைத் தள்ளி வைத்தாள். "யாருக்கு வேணும் அந்தக் கயிறு?"

"எனக்கே வேண்டாம்," என்றாள் அண்ணி. "கேளு. நீதான் வெட்டுறேன்னு அவர் நினைச்சுக்கிட்டு இருக்கார். உனக்குப் பிடிக்கலைன்னு நினைச்சுத்தான் போறார். காலைல என்கிட்டயே சொன்னார். நான்தான் வெட்டினேன்னு அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல. நீ சொன்னா இப்பவே போய்ச் சொல்றேன். வேண்டாம்னா இந்த டிக்கெட்டை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடறேன். உன் இஷ்டம்."

பாப்பா அண்ணியைப் பார்க்கவில்லை. அண்ணியைத் தாண்டி, வரிசையின் கோடியைப் பார்த்தாள். அங்கே ஆரஞ்சு கோட்டு தெரிந்தது. தோளில் ஒரு பை.

"நீங்க தள்ளி நில்லுங்க அண்ணி," என்றாள். "வரிசை நகரட்டும்."

அண்ணி தள்ளி நின்றாள். ஒன்பது பேருக்கு டிக்கெட் கொடுத்தாள் பாப்பா. சில்லறை சரியாக இருந்தது. குரல்தான் ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது. அண்ணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அளவுக்காரர் ஜன்னலுக்கு வந்தார். அண்ணியைக் கவனிக்கவில்லை.

"ஒரு டிக்கெட். போக மட்டும்."

பாப்பா புத்தகத்தைத் திறந்தாள். மூடினாள். மேஜை இழுப்பறையைத் திறந்து போனை எடுத்தாள். பதினாறு வருஷத்தில் கவுண்டருக்குள் அவள் போனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஜன்னல் ஓட்டை வழியாக அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு படம் எடுத்தாள். படம் முழுக்க முகம். கடலும் இல்லை, கயிறும் இல்லை, ஓரமும் இல்லை.

"என்னங்க இது?" என்றார் அவர்.

"இன்னைக்குப் படம்," என்றாள் பாப்பா. "தினமும் வெட்டுறது எங்க அண்ணி. நான் இல்ல. நான் உங்களை வெச்சுத்தான் எடுத்தேன். எல்லாப் படத்தையும் உங்களை வெச்சுத்தான் எடுத்தேன்."

அவர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வரிசையில் நின்ற ஒரு பெண்மணி தன் கணவரின் கையைக் கிள்ளினாள். தூணுக்குப் பக்கத்திலிருந்து அண்ணி, "வெட்டினது நான்தான்," என்று உரக்கச் சொன்னாள். காலையில் வராதது இப்போது தாராளமாக வந்தது.

"பக்கத்துல போடலாமா?" என்று பாப்பா கேட்டாள்.

"வெட்டாம போடுவீங்களா?"

"அதுல வெட்டுறதுக்கு ஒண்ணுமே இல்ல."

அவர் சிரித்தார். தொண்ணூற்றாறாவது படத்தில் சிரித்த அதே மாதிரி. பாப்பாவும் சிரித்தாள். முப்பத்தெட்டு வயதுப் பெண் பத்து வயசு குறைந்து உட்கார்ந்திருப்பதை அண்ணி கண்ணால் பார்த்தாள். மனசு நிறைந்துபோயிற்று.

பாப்பா போனை ஜன்னல் வழியே நீட்டினாள். "அப்படியே போடுங்க அண்ணி." பிறகு அவரிடம் திரும்பி, "போகாதீங்க," என்றாள்.

இதைச் சொல்வதற்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"வேண்டாம்னு காலைலயே எழுதிக் குடுத்துட்டேனே."

"யார்கிட்ட?"

"அதிகாரிகிட்ட. அக்கரைல தலைமை ஆபீஸ்ல குடுக்க எடுத்துட்டுப் போறார். அங்க சேர்ந்துட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"எந்தப் படகு?"

அவர் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்தக் கறுப்புப் பைக்காரருக்குத் தன் கையாலேயே டிக்கெட் கிழித்துக் கொடுத்தது பாப்பாவுக்கு நினைவு வந்துவிட்டது. சுவரில் மணி நாலாக இரண்டு நிமிஷம். துறையில் முதல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்த வரிசையில் நின்றவர்கள் வீட்டுக்கு வீடு சொல்லியிருப்பார்கள். ஜன்னல் பலகை படாரென்று இறங்கியது. பக்கவாட்டுக் கதவு திறந்தது. பாப்பா சீருடையோடு வெளியே ஓடி வந்தாள். "வாங்க," என்று அளவுக்காரரின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். ஆரஞ்சு முழங்கை அவள் கையில் இருந்தது. இரண்டு பேரும் பலகைகள் அதிர ஓடினார்கள். படகுக்காரர் கையை விரித்துத் தடுக்கப் பார்த்து, வருவது யார் என்று தெரிந்ததும் கையை மடக்கிக்கொண்டார். அவரிடம் தினமும் டிக்கெட் கணக்குக் கேட்கிறவளிடம் அவர் எப்படி டிக்கெட் கேட்பார்?

படகு நகர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர்களில் மூன்று பேருக்கு அந்தப் படகு தவறிப் போயிருந்தது. அவர்களும் தட்டினார்கள்.

அண்ணி போனைப் பார்த்தாள். படத்தை அப்படியே போட்டாள். கீழே ஒரு வரி எழுத வேண்டுமே. 'மாலை நான்கு மணி. முழுசாக' என்று எழுதினாள்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வடக்கிலிருந்து பாலத்து அம்மா எழுதியிருந்தார்: "முழங்கைக்கு இவ்வளவு நல்ல முகமா?" அடுத்தடுத்து பன்னிரண்டு ஊர்க்காரர்களும் வந்து குவிந்தார்கள். அண்ணி அத்தனையையும் ஒன்று விடாமல் படித்தாள்.

அண்ணன் சைக்கிளை எங்கேயோ சாத்திவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தான். அவனும் படத்தைப் பார்த்திருக்கிறான்.

"எங்கே அவரு?"

"படகுல."

"போயிட்டாரா?"

"போயிட்டார்."

அண்ணனின் முகம் சுருங்கிப்போனது. "பாப்பா எங்கே? அழுறாளா?"

"அவளும் படகுலதான் இருக்கா."

அண்ணன் வாயைத் திறந்தபடி கடலைப் பார்த்தான்.

படகின் மேல்தட்டு இங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே ஆரஞ்சு கோட்டும், டிக்கெட் கவுண்டரின் நீலச் சீருடையும். பேசிக்கொண்டிருந்தது நீலச் சீருடைதான். கையை ஆட்டி, விரலை நீட்டி, நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தது. அதிகாரி முதலில் தலையை இட வலமாக ஆட்டினார். நீலச் சீருடை மசியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் மாட்டினார். கறுப்புப் பையை மடியில் வைத்துத் திறந்தார். கையை உள்ளே விட்டார்.

படகு அலைதடுப்புச் சுவருக்குப் பின்னால் திரும்பிவிட்டது.

"எடுத்தாரா?" என்றான் அண்ணன். "காகிதத்தைக் குடுத்தாரா?"

"தெரியலையே."

"குடுக்கலைன்னா?"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெறும் சுவரும் தண்ணீரும்தான் எதிரே இருந்தன. அவள் அதையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"குடுக்கலைன்னா திரும்பவும் கேப்பா. அவளுக்குக் கேக்கத் தெரிஞ்சிடுச்சுங்க."